விழுங்கிய தும்மல்கள்

முதலில் வலித்தது தொண்டை இல்லை, காது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். தோல் தூசியும் பசை நெடியும் இருக்கும் இடத்தில் தும்மலுக்குக் கேட்கவா வேண்டும்! ஒவ்வொரு தும்மலையும் மூக்கையும் வாயையும் பொத்தி உள்ளேயே அமுக்கினேன். இருமலையும் அப்படித்தான் விழுங்கினேன். ஒரு திங்கட்கிழமை காலை பேச வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

ஏன் அமுக்கினேன் என்று என்னைப் போன்ற திருநங்கைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஹார்மோன் மாத்திரை உடம்பை மாற்றும். ஏற்கெனவே உடைந்த குரலை மாற்றாது. என் பேச்சுக்குரலை இரண்டு வருஷம் பழகிப் பெற்றேன். தும்மலோ சொல்லாமல் கொள்ளாமல் பழைய குரலில் குதித்துவிடும். எங்கள் வரிசைப் பெண்களுக்கு நான் மஞ்சு. ஒரே தும்மலில் அந்தப் பெயர் போய்விடுமோ என்று பயந்தே செத்தேன்.

வேலூரில் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார்கள். குரல்நாணில் (தொண்டைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் மடிப்பு) ரத்தக்கட்டு.

"எதுக்கும்மா இப்டி அடக்குறீங்க?" என்றார் டாக்டர். எழுதிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது.

"பத்து நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அப்புறம் குரல் பயிற்சி. தும்மல மட்டும் அடக்காதீங்க, காது போய்டும்."

பயிற்சியில் கற்றதைச் சொல்கிறேன். இருமல் வந்தால் முதலில் ஒரு மிடறு தண்ணீர். அடங்காவிட்டால் குரல் சேர்க்காமல் வெறும் காற்றாக 'ஹ' என்று தள்ள வேண்டும். தும்மலுக்குத் தோளைத் தளர்த்தி, நாக்கு நுனியில் 'ச்சி' என்று விட வேண்டும். தினமும் கண்ணாடி முன் பொய்த்தும்மல் போட்டேன். மிளகுத்தூளையும் முகர்ந்து பார்த்தேன். நீங்கள் அந்த வேலைக்குப் போகாதீர்கள். பத்தில் ஏழு தும்மல் நான் சொன்னபடி கேட்டது. மூன்று கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். என் பக்கத்து மிஷின் ஷமீம் அக்காவுடையது. தோல் வைக்காமலே மிஷினை ஓட்டி நூலைச் சிக்கவைத்து, சூப்பர்வைசரிடம் அடிக்கடி திட்டு வாங்குவார். கவனமில்லாதவர் என்று நானும் நினைத்திருந்தேன். நான் இல்லாத மாதத்தில் அவர் நூல் ஒருமுறைகூடச் சிக்கவில்லையாம்.

அன்று மின்சாரம் போனது. ஜெனரேட்டர் எடுக்கும்வரை அத்தனை மிஷினும் அமைதி. அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. அந்த மூன்றில் ஒன்று.

பக்கத்தில் டக் டக்கென்று சத்தம். ஷமீம் அக்காவின் கால், ஓடாத மிஷினின் பெடலை மிதித்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் என்னைவிட அதிகப் பயம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தலைகள் திரும்பின. தையலில் நூலிழை கோணினாலும் சாக்பீஸால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பும் ரோசி அக்கா, கையிலிருந்த தோலிலிருந்து கண்ணை எடுக்காமல் "நூறு" என்றார். குழந்தை தும்மினால் நூறு வயது வாழச் சொல்வோமே, அந்த நூறு. அடுத்த தும்மலும் அதே குரலில் வந்தது.

"இருநூறு. போதும்டி, ஜாஸ்தி ஆய்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெனரேட்டர் எடுத்தது.

"எப்போலேர்ந்துக்கா தெரியும்?" என்று சாப்பாட்டு நேரத்தில் ஷமீம் அக்காவிடம் கேட்டேன்.

"நீ வந்த ரெண்டாம் நாளே. தும்மல் வர்றதுக்கு முன்னாடி உன் மூக்கு செவந்துடும். பாத்தவுடனே மிதிப்பேன், மிஷின் சத்தத்துல உன் தும்மல் கேக்காதுல்ல."

"திட்டு வாங்குனீங்களேக்கா!"

"அவன் திட்டுனா இன்னா, நூல மறுபடி கோத்துக்குறேன்."

அழுதுவிட்டேன். எந்தக் குரலில் அழுதேன் என்று கவனிக்கவில்லை.

அம்மா எனக்குக் கடைசியாக நூறு சொன்னபோது எனக்கு ஆறேழு வயதிருக்கும். மஞ்சுவான பிறகு யாருக்கும் அதைச் சொல்ல நான் இடம் கொடுக்கவில்லை. இன்றும் மூக்கு சிவந்தால் கை பொத்தப் போகிறது, பாதியில் இறக்கிவிடுகிறேன். ஷமீம் அக்காவின் மிஷின் இப்போது தோலின்மேல் மட்டும்தான் ஓடுகிறது. நான் தும்முகிறேன், ரோசி அக்காவின் நூறு கேட்கும்வரை காத்திருந்து, அடுத்த தையலைத் தொடங்குகிறேன்.