செல்லம்மா காட்டின் செவ்வந்திக்கல்

நிலவியல் படித்தவன் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் போதும், வணக்கம் சொல்ல வரும் கையிலும் ஒரு கல் இருக்கும். கல்யாண வீட்டில்கூட நாடி பார்க்கச் சொல்லி மாட்டிக்கொள்ளும் டாக்டர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். கொல்லிமலைக்குப் பாறை ஆய்வுக்கு வந்த எனக்கு, அரியூர் நாடு என்ற மலைக்கிராமத்தில் முதலில் கல் நீட்டியவர் செல்லம்மா. காடு என்று அவர் சொல்லும் தன் நிலத்தில் மரவள்ளி பிடுங்கும்போது மண்ணோடு வந்த ஊதாக் கற்கள்.

கண்ணாடிச் சோதனை

"செவ்வந்திக்கல். படிகக்கல்லில் ஒரு வகை" என்றேன், பார்த்த மாத்திரத்தில். செல்லம்மா நம்பியதாகத் தெரியவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இது கண்ணாடியையே கீறும்" என்று ஜீப்பின் பக்கக் கண்ணாடியில் ஒரு கோடு இழுத்தேன். நன்றாகவே விழுந்தது. டிரைவர் முருகேசன் அதைத் தடவிப் பார்த்தார்.

"கல்லு ஒசத்திதானுங்க சார். கண்ணாடிக்கு ஆபீஸ்ல நீங்களே பதில் சொல்லிப்போடுங்க."

டீக்கடை வகுப்பு

கல் பிறந்த கதையை டீக்கடையில் விளக்கினேன். பூமிக்கடியில் பாறை வெடிப்புக்குள் புகுந்த சுடுநீர் மெல்ல ஆறும்போது, அதில் கரைந்திருந்தது பட்டை பட்டையாகப் படிந்து கல்லாகிறது. ஊதா நிறம் அதில் கலந்த துளி இரும்பால் வருவது. "நெருப்பில் போட்டால் அந்த நிறம் போய்விடும்" என்று பெருமையாக முடித்தேன். செல்லம்மா அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நல்ல மாணவி கிடைத்த சந்தோஷத்தில் நானும் சொன்னேன். கடைக்காரருக்கு வேறு கவலை.

"தண்ணி ஆறுனா கல்லாகுதுங்க. என்ற கடை டீ ஆறுனா ஒருத்தரும் தொட மாட்டேங்கறாங்க."

மாதிரி எடுத்த நாள்

அடுத்த வாரம் அறிக்கைக்கு மாதிரி கேட்டுப் போனேன். செல்லம்மா முறத்தில் கொண்டுவந்து கொட்டினார். ஒன்றில்கூட ஊதா இல்லை. எல்லாம் வெளிறி, மஞ்சள் பாய்ந்து, கரி அப்பிக் கிடந்தன. இரண்டு நாள் அடுப்பில் போட்டு எரித்தாராம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நல்ல கல்லுன்னு நீங்க எழுதுனா நாளைக்கு மிஷினு வந்து தோண்டும். எங்களுக்கு இருக்கறது இந்த ஒரு காடுதானுங்க. இப்ப எழுதுங்க சாமி, சும்மா கல்லுன்னு" என்றார்.

தப்பு என்மேல்தான். கல்லின் ஜாதகமே சொன்னவன், அவருக்கு வேண்டியதைச் சொல்லவில்லை. அந்தக் காட்டில் இருந்தது ஒரு முறம் கல்தான், அதற்கு மிஷின் வராது என்றேன். செல்லம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதை மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு நாள் வெறகு மிச்சமுங்களே சாமி."

இத்தனை வருஷத்தில் என் பாடத்தைக் கவனமாகக் கேட்டு, அப்படியே செய்து பார்த்த ஒரே ஆள், என்னிடமிருந்து தன் காட்டைக் காப்பாற்றத்தான் அதைச் செய்தார்.