பச்சைப் புள்ளடி

எனக்குப் பொறுமை கிடையாது. இதை வீட்டிலும் சொல்வார்கள், பாரிஸின் லா ஷப்பலில் என் மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்களும் சொல்வார்கள். கைபேசி விற்கும் கடையொன்றின் பின்பக்கத்தில் அந்த மேசை இருக்கிறது. எங்கள் சனத்துக்குப் பிரெஞ்சுப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பது என் பிழைப்பு. கழுத்தில் எப்போதும் ஒரு நாலு நிறப் பேனை தொங்கும். கறுப்பால் நிரப்புவேன், கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பச்சையால் சின்னதாக ஒரு புள்ளடி போடுவேன், பெருக்கல் குறி மாதிரி. "பச்சை எங்கை கிடக்கோ அங்கை கையெழுத்து வையுங்கோ" என்று சொல்லிவிட்டால் ஒருவரும் பிழைவிடுவதில்லை.

ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்றுக்கு முந்திய வாரம், மேசைக்கு வந்தவர்கள் படிவத்தைப் பற்றிப் பேசியதைவிட வாக்கைப் பற்றிப் பேசியதே அதிகம். இந்த முறை மயிரிழையில்தான் போகும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒருவர் வந்தால் விசா இறுகும், மற்றவர் வந்தால் ஓய்வூதிய வயது ஏறும். யாருக்கு எது பயமோ அது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு படிவத்தைப் பாதியில் விட்டுவிட்டு கார் து நோர் ரயில் நிலையம் வரை சும்மா நடந்துபோய்த் திரும்புவேன். வந்து பார்த்தால் விவாதம் விட்ட இடத்திலேயே நிற்கும்.

விவாதத்தின் நடுவில் என் மச்சாள் இருப்பார். என் கணவரின் மூத்த சகோதரி. ஹோட்டலொன்றில் அறை துப்புரவாக்கும் வேலை. வேலை முடிந்ததும் நேரே வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, என் மேசைக்கு அருகில் காலை நீட்டி உட்காருவார். அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதற்சுற்று ஞாயிறு அவருக்கு வேலை, போகவில்லை. இரண்டாவது சுற்றுக்கு லீவு எடுத்து வைத்திருந்தார்.

லீவு எடுத்தவர் வாயை மூடிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வரலாம்தானே? மாட்டார். "எடியே, நான் போடுறன். ஆனா எண்ணுவாங்களெண்டு என்ன நிச்சயம்? பெட்டியை மூடினாப் பிறகு உள்ளுக்கை என்ன நடக்குதெண்டு ஆர் கண்டது?"

அவர் அப்படிக் கேட்பதற்குக் காரணம் இருந்தது. ஊரில் அவர் ஒரே ஒரு தடவைதான் வாக்குப்போடப் போனவர். வயது வந்த புதிதில், தலை தோய்ந்து, நல்ல சீலை உடுத்து, பள்ளிக்கூடத்தில் இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றிருக்கிறார். முறை வந்தபோது அதிகாரி பட்டியலைப் பார்த்துவிட்டு, "உங்கட வாக்கு போட்டாச்சு" என்றாராம். யாரோ அவருடைய பெயரில் விடியவே வந்து போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். விரலில் மை படாமல் வீட்டுக்கு வந்தார். பிறகு சண்டை, இடப்பெயர்வு, பாரிஸ். அறுபதை நெருங்கும் மனுசிக்கு எண்ணப்பட்ட வாக்கு என்று வாழ்க்கையில் ஒன்றுகூட இல்லை. "சாகிறதுக்குள்ளை ஒண்டாவது கணக்கிலை ஏறவேணும்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் கண் சிரிக்காது.

புதுச்சேரிக்காரர் ஒருவர், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கடைக்கு வந்தால் லேசில் போகமாட்டார். அவர்தான் மச்சாளுக்குப் பாடம் எடுத்தார். "இங்க அப்படியெல்லாம் கிடையாது மதாம். பெட்டி கண்ணாடிப் பெட்டி. எண்றது எல்லார் முன்னாடியும். நீங்களே போயி பின்னாடி நின்னு பாக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"பிறகேன் ரெண்டு சுற்று? எங்கட நாட்டிலை ஒரே சீட்டிலை ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு விருப்பத்தைப் போட்டால் முடிஞ்சுது" என்றார் மச்சாள்.

"ரெண்டு, மூணெல்லாம் எண்ணுவாங்களா?"

"அது... எண்ணினதா நான் கேள்விப்படேல்லை."

கடை முழுக்கச் சிரித்தது. வெற்று உறை ஒரு பக்கம், செல்லாத சீட்டு இன்னொரு பக்கம், நூறு நூறாகக் கட்டு, மேசைக்கு நாலு பேர் என்று புதுச்சேரிக்காரர் விரல் மடித்து விளக்கினார். நானும் விட்ட இடத்தை நிரப்பினேன். எண்ணுவதைப் பற்றி இரண்டு பேரும் அவ்வளவு பேசினோம். போடுவது எப்படி என்று ஒரு சொல் சொல்லவில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தோம்.

கடைசியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மச்சாள், எண்ணுறதுக்கு நானே பேர் குடுக்கிறன். உங்கட வாக்கை நானே என்ர கையாலை எண்ணுறன். போதுமோ?"

"சத்தியமோ?"

"சத்தியம்."

ஞாயிறு காலை அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்துப் பாடசாலையில்தான் எங்கள் இருவருக்கும் வாக்கு. இடது சின்னவிரலில் மட்டும் நகப்பூச்சை அழித்துவிட்டு வந்திருந்தார். "மை பூச வேணுமெல்லோ?" இங்கே மை இல்லை என்றதும் முகம் விழுந்துவிட்டது. மேசையிலிருந்து இரண்டு வேட்பாளரின் பெயர் அச்சிட்ட சீட்டுகளையும், அதில் வேண்டியதைப் போட ஓர் உறையையும் எடுத்துக்கொண்டு, மறைப்புக்குள் போகும் முன் திரும்பினார். "எடியே, பேனை இருக்கோ?"

கழற்றிக் கொடுத்தேன். என் கண் வரிசையில் இருந்தது. முன்னால் நின்றவர் அடையாள அட்டையைத் தேடு தேடென்று தேடிக்கொண்டிருந்தார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாக்காளர் பட்டியலில் கையெழுத்து வைக்கத்தான் பேனை கேட்கிறார் என்று நினைத்தேன். கையெழுத்துக்கு அங்கேயே பேனை வைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததா? ஒரு நிமிடம் நின்று ஏன் என்று கேட்டிருக்கலாம். எனக்குத்தான் பொறுமை இல்லையே.

உறை பெட்டிக்குள் விழுந்ததும் அதிகாரி "ஆ வோத்தே!" என்று வழக்கம்போலக் குரல் கொடுத்தார். வாக்களித்துவிட்டார் என்று ஊரறியச் சொல்லும் வழக்கம் அது. மச்சாள் திடுக்கிட்டு, பிறகு வாய் நிறையச் சிரித்தார்.

மாலை வாக்களிப்பு முடிந்ததும் மேசைகளைச் சேர்த்துப் போட்டார்கள். நாலு பேரில் ஒரு மாணவன் உறையைத் திறந்து சீட்டை என்னிடம் தருவான். நான் பெயரை உரக்க வாசிப்பேன். மற்ற இருவர் கோடு போடுவார்கள். மச்சாள் எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி.

இரண்டு வேட்பாளருக்கும் மாறி மாறிக் கோடு ஏறியது. என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. எத்தனையாவது சீட்டு என்று நினைவில்லை. மாணவன் விரித்துத் தந்தான். பெயருக்குப் பக்கத்தில், அச்சு எழுத்தைத் தொடாமல், கவனமாக, வடிவாக ஒரு புள்ளடி. பச்சையில்.

என் வாய் திறந்தபடியே நின்றது. பெயரை வாசித்துவிடு என்றது மனம். யாருக்குத் தெரியும்? அதற்குள் மாணவன் எட்டிப் பார்த்துவிட்டான். "கோபத்தில் பேரை வெட்டியிருக்கிறார் மதாம்."

"வெட்டேல்லை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு பிரெஞ்சில் சொன்னேன்: எங்கள் நாட்டில் வேண்டும் என்பவருக்குத்தான் இந்தக் குறி. இது வெறுப்பு இல்லை, இதுதான் வாக்கு.

அவன் நல்ல பிள்ளை. இரக்கத்தோடுதான் பார்த்தான். "வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் ஒன்றுதான். சீட்டில் எந்தக் குறியும் இருக்கக்கூடாது. நுல், செல்லாது." வாக்குச்சாவடித் தலைவியும் வந்து பார்த்து அதையே சொன்னார். செல்லாத சீட்டில் மேசையில் இருப்பவர்கள் கையெழுத்து வைக்க வேண்டும். காலையில் மச்சாள் திருப்பித் தந்த பேனையை எடுத்தேன். அது பச்சையிலேயே நின்றது. கறுப்பை அழுத்திக் கையெழுத்து வைத்தேன். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

அந்தச் சீட்டில் எந்தப் பெயர் இருந்தது என்று வீட்டில் என் கணவர் துருவித் துருவிக் கேட்டார். சொல்லவில்லை. இங்கேயும் எழுத மாட்டேன்.

வெளியே வந்ததும் மச்சாள் முன்னால் நடந்தார். பாலத்துக்குக் கீழே வந்தபோதுதான் நின்றார். மேலே மெட்ரோ போய் முடியும்வரை காத்திருந்தார். "நுல் எண்டால் எனக்கு விளங்கும். பத்து வருசமா படிவத்திலை பாத்த சொல்."

"என்ர பிழை மச்சாள். நான் சொல்லியிருக்கவேணும்."

"அங்கை என்ர வாக்கை வேற ஆரோ போட்டாங்கள். இஞ்சை நானே போய் அழிச்சுப்போட்டன்." பிறகு நடக்கத் தொடங்கினார். "ஆர் வெண்டால் என்ன, என்னை விட்டுட்டுத்தானே வெண்டது."

செல்லும் சீட்டுகளையெல்லாம் அழித்துவிடுவார்கள், செல்லாததை மட்டும் அறிக்கையோடு சேர்த்து அனுப்புவார்கள், உங்களுடையது பத்திரமாக இருக்கும் என்று ஏதோ உளறினேன். "உந்தச் சீட்டை வைச்சு நான் என்ன செய்ய?" என்றார். சரிதானே? எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. பிறகு சில வாரம் மச்சாள் என் மேசைப் பக்கம் வரவில்லை. புதுச்சேரிக்காரர் இரண்டு தடவை விசாரித்தார். அவருக்கு வேலை அதிகம் என்று பொய் சொன்னேன்.

ஜூனில் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஞாயிறு காலை கதவைத் தட்டினார். உள்ளே வந்ததும் கைப்பையைத் தலைகீழாக மேசையில் கொட்டினார்: சாவி, மூக்குத் துடைக்கும் கடதாசி, மெட்ரோ அட்டை, இரண்டு இனிப்பு. "வடிவாப் பார். பேனை இருக்கோ?"

"இல்லை மச்சாள்."

"உன்ரையையும் கழட்டி வை."

கழற்றி வைத்தேன்.

அன்று மாலையும் எண்ணும் மேசையில் நான்தான் வாசித்தேன். மச்சாள் பின்னால் நின்றார். ஒவ்வொரு சீட்டையும் விரிக்கும்போது முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். முதல் நூறு முடிந்தது, அடுத்த நூறு முடிந்தது. எல்லாம் ஒரேமாதிரியான வெள்ளைச் சீட்டுகள். கடைசி உறையும் முடிந்தது. எதிலும் ஒரு கீறல்கூட இல்லை.

மச்சாள் என் காதருகே குனிந்தார். "என்ரை வந்திட்டுதோ?"

"எது உங்கடை எண்டு எனக்குத் தெரியேல்லை மச்சாள்."

"தெரியேல்லையோ?"

"ஒண்டும் தெரியேல்லை."

"அப்ப ஏறிட்டுது" என்றார் மச்சாள். என் தோளைப் பிடித்திருந்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.