வெறும் சோறும் எரிந்தது

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் இது ஆரம்பித்தது. அப்போது நான் பெரியகுளம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை. வீடு வடுகபட்டியில். பூண்டு மூட்டைகளோடு சேர்ந்து டவுன் பஸ்ஸில் தினமும் போய் வருவேன்.

சத்துணவில் ஒரு விதி உண்டு. பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன்னால் சமைத்தவரும் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஆசிரியரும் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். இருவரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பல பள்ளிகளில் இது வெறும் கையெழுத்தோடு முடிந்துவிடும். நான் அப்படி விடுகிற ஆள் இல்லை. தினமும் பன்னிரண்டு மணிக்குத் தட்டோடு சமையலறை வாசலில் நிற்பேன். உப்பு ஒரு கல் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம். வீட்டுக்காரர்கூட, "இவ நாக்குக்குத் தப்பிக்க முடியாது" என்பார். அது பாராட்டா, புலம்பலா என்று நான் கேட்டதில்லை.

எங்கள் சமையலர் என்னைவிட நாலைந்து வயது மூத்த அம்மா. பள்ளிக்கு அடுத்த தெருதான் வீடு. கணவருக்குப் பக்கவாதம் வந்து, படுத்த படுக்கை, பேச்சும் போய்விட்டது. உலையை ஏற்றிவிட்டு, உதவியாளரைப் பார்க்கச் சொல்லி, ஓட்டமும் நடையுமாகப் போய் அவருக்கு ஊட்டிவிட்டு வருவார். சமையலில் ஒரு குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் தட்டை வழித்துத்தான் எழுந்திருப்பார்கள்.

அந்த ஜனவரியில் ஒரு நாள் தக்காளி சாதம் வாயில் வைத்தேன். நாக்கு நுனியும் உதடும் தீப் பட்டாற்போல எரிந்தன.

"என்னம்மா, இன்னிக்கு ஒறப்பு இப்படி இருக்கு?"

"எப்பவும் போடுற அளவுதேன் டீச்சர். நானும் தின்னு பாத்தேனே."

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். மிளகாய்ப் பொடியைக் குறைக்கச் சொன்னேன், குறைத்தார். இன்னும் குறைக்கச் சொன்னேன், இன்னும் குறைத்தார். எரிச்சல் மட்டும் குறையவில்லை. காலையில் எழும்போது வாய் நன்றாகத்தான் இருக்கும். மதியம் ஆக ஆக எரிச்சல் ஏறும், சாயங்காலம் பேசவே முடியாது. மதியம் என்றால் சத்துணவு, சத்துணவு என்றால் அந்த அம்மா. என் கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் எரிந்தபோது, வெள்ளிக்கிழமை பட்ட ரணம் இன்னும் ஆறவில்லை என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் வாயில் ஒரு புண்ணும் இல்லை. அதையும் நான் யோசிக்கவில்லை.

வீட்டில் சொன்னால், "வயசாகுதுல்ல, சூடா இருக்கும். மோரக் குடி" என்றார் வீட்டுக்காரர். மணத்தக்காளிக் கீரை தின்றேன். பற்பசையை மாற்றினேன். மெடிக்கலில் தந்த ஜெல்லைத் தடவினேன். கடைசியில் தயிர் சாதம் தவிர ஒன்றும் இறங்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வேறு வந்துவிட்டதால், நான் ருசியை விட்டு ஒறுத்தல் இருக்கிறேன் என்று உடன் வேலை பார்த்த ஆசிரியைகள் நினைத்துக்கொண்டார்கள். மாதா கோயிலில் ஒரு அம்மா என் பக்தியை மெச்சிவிட்டுப் போனார். நானும் மறுக்கவில்லை.

இதற்கிடையில் பள்ளியில் இன்னொன்று நடந்தது. பிள்ளைகள் சோற்றை மிச்சம் வைக்க ஆரம்பித்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "சப்புன்னு இருக்கு டீச்சர்" என்றாள். அவளுக்கு ஒரு அதட்டல் போட்டேன். சோறு வாளி வாளியாகக் குப்பைக்குப் போவதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. பதிவேட்டில் குறிப்பு எழுதும் கட்டத்தில் சிவப்பு மையால், 'காரம் மிக அதிகம். பிள்ளைகளால் உண்ண இயலவில்லை' என்று எழுதினேன். ஒரு நாள் இல்லை, பதினோரு நாள் எழுதினேன். ஒவ்வொரு நாளும் என் குறிப்புக்குப் பக்கத்தில் அந்த அம்மாவின் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும்.

சிவப்பு மை தன் வேலையைச் செய்தது. விசாரிக்க அதிகாரி ஒருவர் வியாழக்கிழமை வருவதாக ஒன்றிய அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. குறிப்பு உண்மை என்றால் அந்த அம்மாவை வேறு சத்துணவு மையத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்றும் காதில் விழுந்தது. வேறு மையம் என்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். வீட்டில் படுத்திருக்கிறவருக்கு மதியம் யார் ஊட்டுவது? எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தும், விதி விதிதான் என்று இருந்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போலப் போய் நின்றேன். அன்று அந்த அம்மா என் தட்டில் சாம்பார் சாதம் வைக்கவில்லை. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் வெள்ளைச் சோறு வைத்து நீட்டினார்.

"இதத் தின்னு பாருங்க டீச்சர். தனியா வடிச்சது. உப்புக்கூடப் போடல."

என்ன விளையாட்டு இது என்று முறைத்துவிட்டு ஒரு வாய் வைத்தேன். எரிந்தது. சாம்பார் சாதம் எரிந்தது போலவே, தக்காளி சாதம் எரிந்தது போலவே எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எரியுதா?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"அப்ப ஒறப்பு சோத்துல இல்ல டீச்சர், ஒங்களுக்குத்தேன் ஒடம்பு சொகமில்ல. புதுசா மாத்திர மருந்து ஏதும் சாப்பிடுறீகளா? எங்க வீட்டுக்காரருக்கு ஒரு மாத்திர மாத்துனப்ப இப்படித்தேன் வாயெல்லாம் வெந்து போச்சு. பெரியாஸ்பத்திரியில காட்டுனதும் வேற மாத்திக் குடுத்தாக."

நவம்பரிலிருந்து நான் தைராய்டு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். அது அந்த நிமிஷம்தான் நினைவுக்கு வந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தேன். பதினோரு சிவப்பு வரிகளும் கண்முன் வந்தன.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்குள் ஒரு கள்ள யோசனை ஓடியது. அதிகாரியிடம், 'சொல்லிப் பார்த்தேன், இப்போது திருந்திவிட்டார்' என்று சொன்னால் போதும். அவர் வேலையும் தப்பிக்கும், என் மானமும் தப்பிக்கும். வடுகபட்டி வந்து இறங்குகிறவரை அந்த யோசனை எனக்கு நியாயமாகவே பட்டது. வீட்டுக்கு நடக்கும்போதுதான், செய்யாத தப்பிலிருந்து அந்த அம்மா எப்படித் திருந்த முடியும் என்று உறைத்தது.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். சாதத்தைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், இதுல ஒறப்பே இல்லையே?" என்றார். உதவியாளர், ஆசிரியைகள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். "இத எழுதித் தர முடியுமா?" என்றார். அதே பதிவேட்டை வாங்கி, அதே சிவப்பு மையால், 'மேலே நான் எழுதிய குறிப்புகள் அனைத்தும் தவறு. உணவில் குறை இல்லை. என் உடல்நலக் குறைவால் எனக்கு அப்படித் தோன்றியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மாவுக்கு மாறுதல் வரவில்லை.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தேனிக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். மாத்திரையை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அவர், "நீங்களா நிறுத்துனா நான் பொறுப்பில்லம்மா" என்று கண்டித்துவிட்டு, பொறுமையாக விளக்கினார். தைராய்டு மாத்திரை போடுகிற சிலர் இப்படி வாய் எரிச்சல் சொல்வதுண்டாம். மாத்திரையாலும் இருக்கலாம், தைராய்டு கட்டுக்குள் வராததாலும் இருக்கலாம், சத்துக் குறைந்தாலும் எரியலாம். ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்து குறைவு. தைராய்டும் அடங்கவில்லை, ஏனென்றால் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நான் மாத்திரையைக் காபியோடு விழுங்கிக்கொண்டிருந்தேன். அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி குடிக்கச் சொன்னார். மாத்திரையின் கம்பெனியையும் மாற்றிக் கொடுத்தார். இரும்புச் சத்து மாத்திரையைத் தள்ளி, மதியத்துக்கு மேல் போடச் சொன்னார். எரிச்சல் ஒரே நாளில் போய்விடவில்லை. நாலு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. எது காரணம் என்று டாக்டர் கடைசிவரை அடித்துச் சொல்லவில்லை. இன்னும் சில சாயங்காலங்களில் நாக்கு நுனியில் லேசாகத் தலைகாட்டும்.

எரிச்சல் அடங்குகிறவரை சாப்பிட்டுப் பார்க்கிற வேலையை வேறொரு ஆசிரியையிடம் கொடுத்திருந்தேன். மிளகாய்ப் பொடி பழைய அளவுக்கு வந்தது. பிள்ளைகள் மறுபடி தட்டை வழித்தார்கள்.

அந்தக் கோடை விடுமுறைக்கு முன்னால் ஒரு நாள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்பெல்லாம் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. மனதில் கிடந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டேன். "நாந்தான் ஒங்க மேல பழி போட்டுக்கிட்டு இருந்தேன். இவுக வேணும்னே செய்றாகன்னு ஒங்களுக்குத் தோணலையா?"

அவர் கையில் இருந்த சாம்பலைத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"மொதல்ல தோணுச்சு டீச்சர். பெறகு பாத்தேன். ஒறப்பே இல்லாத சோத்தத் தின்னுட்டு ஒங்களுக்குக் கண்ணுல தண்ணி வருது. நடிச்சா வருமா? எங்க வீட்டுக்காரருக்குப் பேச்சு இல்ல. அவுக மூஞ்சியப் பாத்துத்தேன் எங்கன வலிக்குதுன்னு கண்டுபிடிக்கிறேன். ஒங்களுக்கு நெசமாவே எரியுதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

இன்று வேறு பள்ளியில் இருக்கிறேன். தினமும் பன்னிரண்டு மணிக்குத் தட்டோடு போய் நிற்கிறேன். ஆனால் பேனாவைத் திறப்பதற்கு முன்னால், சமைத்தவரிடம் அன்றைய சாப்பாடு எப்படி வந்திருக்கிறது என்று கேட்டுவிடுகிறேன். என் வாய் எரிந்த அந்த நாட்களில் வீட்டில்கூட யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினோரு நாள் நான் நம்பாமல் போன அந்த ஒருவர்தான் என்னை நம்பினார்.