கெண்டைக்காலுக்கு ஒரு செக் ஷீட்

முதலில் போன் என்றுதான் நினைத்தேன். காலை ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ். படப்பையில் ஏறியதும் ஜன்னலில் தலையைச் சாய்த்துவிட்டேன். வெளியே ஏரித் தண்ணீரின்மேல் இறங்கலாமா வேண்டாமா என்று வெளிச்சம் இன்னும் முடிவெடுக்காத நேரம். இடது காலில் விர்ரென்று ஓர் அதிர்வு. பேண்ட் பையைத் தடவினேன். காலி. போன் சட்டைப்பையில் செத்த தவளைபோல் கிடந்தது. அதிர்ந்தது கெண்டைக்கால்.

தோலுக்கு அடியில் ஒரு சின்ன மீன் புரண்டது, நின்றது, யோசித்தது, மறுபடி புரண்டது. கெண்டைக்கால் என்று பெயர் வைத்தவனுக்கும் ஒருநாள் இப்படித் துடித்திருக்க வேண்டும்.

மூன்று நாள் நிற்கவில்லை. நான்காம் நாள் போனில் தேடினேன். முதல் பக்கம் டீயைக் குறைக்கச் சொன்னது. இரண்டாம் பக்கம் நன்றாகத் தூங்கச் சொன்னது. இவ்வளவு எளிதான பதிலுக்கா இத்தனை துடிப்பு என்று ஐந்தாம் பக்கம்வரை போனேன். அங்கே அது எனக்காகக் காத்திருந்தது: கையையும் காலையும் ஒவ்வொன்றாக நிறுத்திவிடும் ஒரு நரம்பு நோய். அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் ஆர்டர் கொடுத்ததுபோல் ஆகிவிடுமோ என்ற பயம் இன்னும் போகவில்லை.

டாக்டர் சின்னச் சுத்தியலால் முட்டியைத் தட்டிப் பார்த்தார். "பெரிசா ஒண்ணும் இருக்காது. எதுக்கும் ஊசி வெச்சு ஒரு நரம்பு டெஸ்ட் பண்ணிடலாம்" என்றார். அந்த ‘எதுக்கும்’ ஒன்றை மட்டும் பத்திரமாக வீட்டுக்கு எடுத்து வந்தேன். டெஸ்டுக்குப் பதினேழு நாள் தள்ளித்தான் இடம் கிடைத்தது.

பதினேழு நாள் சும்மா இருக்கிற ஆள் இல்லை நான். என் தொழில் அப்படி. ஒரகடத்தில் லாரிக்குப் பாகம் செய்யும் ஓர் ஆலையில் கடைசிப் பரிசோதனை மேஜை என்னுடையது. பாகத்தின் நடுவே ஒரு துளை இருக்கும். அதற்குள் கேஜ் என்கிற அளவுக்கட்டையை விட்டுப் பார்ப்பேன். சரியாக உட்கார்ந்தால் பச்சை டிரே, இல்லையென்றால் சிவப்பு டிரே. மேஜைக்கு மேலே என் கையெழுத்திலேயே ஓர் அட்டை தொங்குகிறது: ‘ஒரு பாகத்துக்கு ஒரே முறைதான் கேஜ்.’ திரும்பத் திரும்ப விட்டால் துளை தேயும். தேய்ந்தால், நல்ல பாகம் நம் கையாலேயே கெட்டுப்போகும்.

துடிப்பு மட்டும் இருந்தால் பயமில்லை, பலம் குறைந்தால்தான் பயம் என்று ஐந்தாம் பக்கம் சொல்லியிருந்தது. அப்படியானால் பலத்தை அளந்துவிட வேண்டியதுதானே? ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் எழுவது. இனி முடியாது என்கிறவரை எழுவது. முதல் நாள் இடது கால் இருபத்தைந்து, வலது கால் இருபத்தாறு. ஆலையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளப்பதுபோல் இங்கும் அளந்தேன். பல் தேய்க்கும்போது, கேண்டீன் வரிசையில், கழிவறைக் கதவுக்குப் பின்னால், பஸ் வருவதற்கு முன் நிறுத்தத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு. எண்களை ஒரு செக் ஷீட்டில் எழுதினேன். ஆறாம் நாள் இடது கால் பத்தொன்பது. எட்டாம் நாள் பதினாறு. பத்தாம் நாள் பதினாலு. சிவப்புப் பேனாவில் கோடு இழுத்தேன். கோடு, மழைக்காலத்து மண்ரோடுபோல் சரிந்துகொண்டே போனது.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை தூத்துக்குடிக்காரருடையது. அசெம்ப்ளி லைனில் வேலை. கல்யாணமாகிக் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு படப்பைப் பக்கமே அறை எடுத்திருக்கிறார். ஒருநாள் உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கிப் பார்த்ததில் என் கால் அவர் முழங்காலில் இடித்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி, கால்ல கரகாட்டமா?"

சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் ஆலையில் எது கெட்டாலும் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்க வேண்டும்; ஐந்தாவது பதில்தான் ‘ரூட் காஸ்’, மூல காரணம். அதை அவர் என் காலுக்குப் போட்டார்.

"காலு ஏன் துடிக்கு?"

"தூக்கம் இல்ல."

"ஏன் தூக்கம் இல்ல?"

"போன் பாத்துக்கினு இருந்தேன்."

"ஏன் போன் பாத்திய?"

"நோயப் பத்திப் படிச்சேன்."

"அத ஏன் படிச்சிய?"

"காலு துடிக்குதேய்யா!"

நாலாவது ஏனிலேயே புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம். அவர் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒரு நீண்ட டிரெய்லர் புத்தம்புதுக் கார்களைச் சுமந்துகொண்டு எங்களைத் தாண்டிப் போனது.

"அஞ்சாவதுக்கு எடமே இல்ல அண்ணாச்சி. ரூட் காஸே நீங்கதான்" என்றார்.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. பதினோராம் நாள் யூனிபாரத்தை ஊறவைக்கும்போது என் மனைவியின் கையில் செக் ஷீட் சிக்கியது. அதைப் பிரித்துப் பிடித்தபடி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா இது? இடது பதினாலு, வலது பதினெட்டு. கீறதே ரெண்டு காலு, அதுக்கு எதுக்கு லிஸ்டு?"

சொன்னேன். நோய் என்ன செய்யும் என்பதையும் சொன்னேன். எப்படித் தொடங்கும், எப்படி முடியும், நடுவில் அவள் எனக்குச் சோறு ஊட்ட வேண்டி வரும் என்பதுவரை. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே யாரோ ஒருவனுடையதாகக் கேட்டது. அவள் குக்கரை அணைத்தாள். தரையில் உட்கார்ந்து ஈரக் கையைப் புடவையில் துடைத்து, என் கெண்டைக்காலில் உள்ளங்கையை வைத்தாள். மீன் புரண்டது.

"ஆமா. இன்னாமோ ஓடுது" என்றாள் மெதுவாக. கையை எடுக்கவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது; எனக்கு மூச்சு வந்தது.

"பத்து நாளா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நான் வேற எதிர்வூட்டு அக்காகிட்ட, எங்க வூட்டுக்காரு பல்லு வெளக்கும்போதுகூட எக்சர்சைஸ் பண்றாருன்னு பீத்திக்கினு கீறேன்!"

மறுநாள் காலை அறிவித்தாள்: "ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா வல்லக்கோட்டை முருகனுக்கு இங்கேருந்தே நடந்து வர்றதா வேண்டிக்கினேன்."

"அவ்ளோ தூரம் நீ நடப்பியா?"

"நானா? நீதான் நடக்கணும். காலு உன்னுதுதானே."

டெஸ்ட் நாள் வந்தது. ஆலையைச் சோதிக்க ஆடிட் ஆட்கள் வரும் அன்று எங்கள் மெஷின்கள் எல்லாம் மாமியார் வந்த வீட்டு மருமகள்போல் நடந்துகொள்ளும். என் காலும் அதே ஆலையில்தான் இத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கிறது. டாக்டர் ஊசியை இறக்கினார். கெண்டைக்கால் அசையவில்லை. ஊசியோடு இணைத்த, தசை துடித்தால் ஒலிக்கும் மெஷினில் சத்தம் இல்லை.

"சார், இப்ப ஆடல. ஆனா ஆடும். கொஞ்சம் வெயிட் பண்ணுங்க, வந்துரும்" என்றேன். கெட்டுப்போன சரக்கைக் காட்டப் போனவன், அது நல்ல சரக்காக மாறி நிற்பதைக் கண்டு தவிப்பதுபோல் தவித்தேன். சத்தம் வராமல் இருப்பதுதான் எனக்கு நல்லது என்பதே மறந்துவிட்டது.

அப்புறம் ஒரே ஒரு ‘டப்’.

"இதுவா?" என்றார் டாக்டர். "சிலருக்குக் கண் இமை துடிக்கும்ல, அதே கதைதான் சார். நரம்பு நல்லா இருக்கு."

நான் விடவில்லை. செக் ஷீட்டை நீட்டினேன். பலம் குறைகிறதே? அவர் சிவப்புக் கோட்டைப் பார்த்தார், தேதிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு ஏழு தடவையா? ஒவ்வொரு தடவையும் முடியாமப் போற வரைக்குமா?"

"டெஸ்ட் பண்ணேன் சார்."

"இது டெஸ்ட் இல்ல சார், தண்டனை. ஓய்வே குடுக்கலன்னா குதிரைக்காலே தளர்ந்துடும்." என் பாதத்தைக் கையில் ஏந்தி, "தள்ளுங்க" என்றார். தள்ளினேன். சக்கரம் வைத்த நாற்காலியோடு பின்னால் உருண்டு போனார். "போதுமா? ரெண்டு வாரம் அந்தக் காலைச் சும்மா விடுங்க."

வெளியே மனைவி எழுந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு மறுபடி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு, "செருப்பு புதுசா ஒண்ணு எடுத்துக்க, நடக்கணும்" என்றாள்.

திங்கட்கிழமை தூத்துக்குடிக்காரர் முழுக் கதையையும் கேட்டார். "உங்க மேசைக்கு மேல என்ன எழுதித் தொங்கவிட்டிருக்கிய அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். மேஜைக்குப் போனதும் ‘ஒரே முறைதான் கேஜ்’ என்ற என் கையெழுத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு வல்லக்கோட்டைக்கு நடந்தோம். ஆமாம், நடந்தோம், தெரு முனைவரை வழியனுப்ப வந்தவள் அப்படியே கூட வந்துவிட்டாள். ஒரகடம் கூட்டுரோட்டில் வெயில் ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்க்கப் போகிறவர்களின் கம்பெனி பஸ் எங்களைத் தாண்டியது. ஜன்னலில் தூத்துக்குடிக்காரரின் தலை.

"அண்ணாச்சி! இப்ப எத்தன?"

"எண்ணல!" என்று கத்தினேன்.

"காலு துடிக்குதா?" என்றாள் மனைவி.

"துடிக்குது."

"துடிச்சிக்கினே நட."