சத்தம் போன வண்டி

எங்கள் அப்பாவின் மோட்டார் சைக்கிள் பின்பக்கம் ஒரு சத்தம் போடும். பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் சீட்டுக்கு அடியிலிருந்து 'டொக்'. புவனகிரியில் எங்கள் தெருமுனையில் ஒரு வேகத்தடை உண்டு. சிதம்பரத்தில் உரக்கடை வேலை முடிந்து அப்பா அதில் ஏறி இறங்கும்போது, வீட்டுக்குள் இருக்கும் எங்களுக்கு அந்த டொக் கேட்டுவிடும். மற்றவர்களுக்கு அது பழுது. அம்மாவுக்கும் எனக்கும் பேருதவி.

காரணம் இருந்தது. அம்மா அரசு வேலைக்கான தேர்வை இரண்டு முறை எழுதித் தோற்றிருந்தாள். ஒரு கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர்கள், "என்ன கலெக்டரம்மா, எப்ப வேலைக்குப் போறீங்க?" என்று கேட்டுச் சிரிக்க, இனிப் புத்தகத்தையே தொடுவதில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். சொன்னவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்பாவுக்கும் தெரியாமல் மாலை வேளைகளில் மறுபடி படிக்க ஆரம்பித்தாள். இந்த முறையும் தோற்றால் அது யாருக்கும் தெரியக்கூடாது. மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு இரண்டு வேலை: புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பது, டொக் கேட்டதும் அதை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளிப்பது.

மழைக்காலம் முடிந்ததும் அந்தச் சத்தத்தை ஒழித்துக்கட்டுவது என்று அப்பா கிளம்பினார். அம்மாவின் தம்பி, என் மாமா, மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை தன் கடையில் வண்டியைக் கட்டையில் தூக்கி நிறுத்திப் பின்சக்கரத்தைக் கழற்றினார். ஷாக் அப்சார்பருக்குக் கீழே இருந்த லிங்க் என்ற இரும்புத் துண்டை எடுத்துத் தட்டியபோது, உள்ளே பேரிங்காக இருந்தது மிளகாய்த்தூள் மாதிரி துருவாகக் கொட்டியது.

"வெள்ளத்துல ஓட்டியிருக்கீங்க மச்சான். கிரீஸெல்லாம் கழுவிக்கிட்டு போயிருக்கு," என்றார் மாமா.

அப்பா டீ வாங்கப் போன நேரம் பார்த்து, எங்களோடு கடைக்கு வந்திருந்த அம்மா மாமா பக்கத்தில் வந்து குந்தினாள். "டேய் தம்பி, சத்தத்த மட்டும் அப்புடியே வுட்டுட முடியாதா?"

மாமா ஸ்பேனரைக் கீழே வைத்தார். "பேரிங் மாத்துனா சத்தம் எப்புடிக்கா இருக்கும்? வண்டி சத்தம் போடணும்னு கேக்குற ஆளு ஊருலயே நீ ஒருத்திதான்."

புதிய பேரிங்கைக் கிரீஸில் முக்கி, வைஸில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி உள்ளே ஏற்றினார். மாலையில் அப்பா சீட்டை அழுத்தி அழுத்திப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அம்மா முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாளே பயந்தது நடந்தது. நான் கேள்வி கேட்டுக்கொண்டே நிமிர்ந்தால், வாசற்படியில் அப்பா. அம்மா புத்தகத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா எங்கள் பக்கம் திரும்பாமல் கொல்லைக்குப் போய் வெகுநேரம் கால் கழுவினார். எங்கேயோ சேற்றை மிதித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த நாளிலிருந்து அப்பாவுக்கு ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. வேகத்தடை வந்ததும் நீளமாக ஒரு ஹாரன். அந்த முனையில் ஆடு மாடுகூட நிற்பதில்லை. ஹாரனுக்குப் பிறகு வீடு வந்து சேர முன்னைவிட நேரமும் பிடித்தது. புத்தகம் டிரம்முக்குப் பின்னால் போய், அம்மா முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்து, பாதிக் கீரை ஆய்ந்த பிறகுதான் கேட் திறக்கும். புது பேரிங்கால் வண்டி மெதுவாகிவிட்டது என்று மாமாவிடம் சண்டைக்கே போனேன். பாவம், அவர் வண்டியை மறுபடி ஓட்டிப் பார்த்தார்.

அம்மா இன்று குமராட்சிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். எங்கள் வீடு நிமிர்ந்தது அவளால்தான். அவள் நிம்மதியாகப் படிக்க இடம் விட்ட அப்பாவை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

தேர்வு முடிவு வந்த நாளில் அம்மா தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். அப்பா கண்களை அகல விரித்தார். "நெசமாவா? எப்ப படிச்ச நீ? எனக்குத் தெரியவே தெரியாதே."

அப்பாவை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று நான் கைதட்டிச் சிரித்தேன்.