கப்பலேறாத சுக்கு

சீதாலக்ஷ்மிக்கு வேலை மட்டாஞ்சேரியில், ஒரு சுக்கு ஏற்றுமதிக் கம்பெனியில். இருபத்தாறு வருஷமாக அங்கே கப்பல் பத்திரங்கள் தயார் செய்கிறாள். கல்யாணமாகிப் பாலக்காட்டிலிருந்து சுள்ளிக்கல்லுக்கு வந்த புதிதில் சேர்ந்த வேலை. இப்போதைய முதலாளி விஸ்வநாத் அவளைவிடப் பதினைந்து வயது இளையவன். அவளை மாமி என்றுதான் கூப்பிடுவான்.

வெளிநாட்டு வியாபாரத்தில் எந்தச் செலவு யாருடையது, சரக்கு கெட்டால் யார் தலையில் விடியும் என்பதை மூன்று எழுத்து முடிவு செய்துவிடும். அவர்கள் பத்திரத்தில் எப்போதும் எஃப்.ஓ.பி. கப்பல் கூலி வாங்குகிறவருடையது. ஆனால் சரக்கு கப்பலில் ஏறும் வரை பொறுப்பு விற்கிறவருக்கு.

மூட்டையாக ஏற்றிய காலத்துக்கு அது சரி. இப்போது கண்டெய்னரைத் துறைமுக யார்டில் விட்டுவிட்டு வந்தால், கப்பல் வரும்வரை நாலைந்து நாள் அதன் பக்கத்தில்கூடப் போக முடியாது. யார்டில் ஒப்படைத்ததுமே பொறுப்பு கைமாறுகிற எஃப்.சி.ஏ. என்று ஒன்று இருப்பது சீதாலக்ஷ்மிக்குத் தெரியும். அப்படி மாற்றலாமா என்று, சுக்கு வாங்குகிற ஹாம்பர்க் பார்ட்டிக்கு எழுதியும் பார்த்தாள். பழையபடியே இருக்கட்டும் என்று ஒரு வரியில் பதில் வந்தது.

"இதுக்கு வேண்டி ஒரு பார்ட்டியை விட முடியுமா மாமி?" என்று சொல்லி விஸ்வநாத் எஃப்.ஓ.பி. என்றே இருந்த பத்திரத்தில் கையெழுத்துப் போட்டான்.

ஜூலை மூன்றாம் வாரம் யார்டிலிருந்து போன் வந்தது. பெட்டிகளை அடுக்கும்போது ஏதோ இடித்து, அவர்கள் கண்டெய்னரின் கூரை ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது. கப்பல்காரர்கள் அதை ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

இருவரும் ஓடினார்கள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பெட்டியைத் திரும்ப எடுக்கக் கஸ்டம்ஸ் அனுமதி வேண்டும், இரண்டு நாளாகும் என்றார் கேட்டில் இருந்த யார்டு ஊழியர் அனில். ஒரு தார்ப்பாயாவது மேலே போடச் சொல்லுங்கள் என்று சீதாலக்ஷ்மி கெஞ்சினாள்.

"மேலே ஆள் ஏற பெர்மிஷன் இல்ல சேச்சி. நான் என்ன செய்யட்டும்?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. கம்பிவேலிக்கு அப்பால் வரிசையாகப் பெட்டிகள். எது தங்களுடையது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. குடையை மடக்க மறந்து காரில் ஏறப் போனாள்.

இரண்டு நாள் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது. கதவைத் திறந்ததுமே பூசண வாடை. கம்பெனி எடுத்திருந்த இன்ஷூரன்ஸ் யார்டு வாசலோடு முடிந்திருந்தது. வாங்கியவர் எடுத்த இன்ஷூரன்ஸோ கப்பலில் ஏறிய பிறகுதான் ஆரம்பம். இடித்தது யார் என்பதற்குச் சாட்சி இல்லை என்று யார்டு கடிதம் எழுதியது.

கோடவுனில் சுக்கு பொறுக்குகிற பதினோரு பெண்களும் சரக்கைத் தரையில் பரப்பி, ஃபேன் வைத்து, ஒரு வாரம் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். அந்த மழையில் வெயிலுக்கு எங்கே போவது? தேறிய பாதியை எண்ணெய் எடுக்கிறவர்கள் வந்த விலைக்கு எடுத்துப் போனார்கள். மற்றதைக் குழிவெட்டிப் புதைத்தார்கள்.

ஓணம் கழியும்வரை வேலை இல்லை என்று அந்தப் பெண்களிடம் சொல்லும் பொறுப்பும் சீதாலக்ஷ்மிக்கே வந்தது. அவர்களில் மூத்தவளான கமலாக்ஷி சண்டைக்கு வரவில்லை. மெதுவாகக் கேட்டாள்:

"சரக்கு நம்ம கையில இல்லாதப்பல்லோ கெட்டது. பின்னே எப்படி நம்ம நஷ்டமாச்சு?"

எப்படி என்று சீதாலக்ஷ்மிக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அதை எந்த வாயால் சொல்வது?

"அப்படித்தான் எழுதியிருக்கு கமலாக்ஷி" என்றாள்.

கமலாக்ஷி தலையசைத்துவிட்டு, உதறிக்கொண்டிருந்த சாக்கை மடித்து வைத்தாள்.