காலி ஜீப்பில் ஏற்றிய பாரம்

2006 டிசம்பர் என்று நினைவு. துபாய் அல் கூஸில் ஒரு அரபி வீட்டில் டிரைவராக இருந்தேன். குளிர் வந்துவிட்டால் போதும், அர்பாப், அதாவது முதலாளி, குடும்பத்தோடு புஜைரா கடற்கரையில் கூடாரம் போட்டுவிடுவார். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் பெரிய வேன் ஒன்று வைத்திருந்தார். மணலில் ஓட்ட ஒரு ஜீப்பை அதன் பின்னால் இரும்புக் கம்பியில் கோத்து இழுத்துப் போக வேண்டும்.

கம்பி மாட்டிக் கொடுத்த ஒர்க்‌ஷாப் மலையாளி அப்போதே சொன்னார்: "ஜீப்புல ஒரு தலையணை கூட வைக்கக் கூடாது, கேட்டோ. இந்த பிரேக் காலி ஜீப்பை மட்டும்தான் தாங்கும்."

தலையாட்டி வைத்தேன். நாமக்கல்லில் பத்து டன் வண்டியில் பதினாறு டன் ஏற்றிப் பழகியவன் நான். எனக்கே பாடமா என்று உள்ளுக்குள் சிரிப்பு வேறு.

மூன்று வாரமாக லீவே இல்லை. தண்ணீர் கேன், விறகு, ஜெனரேட்டர், கூடார இரும்பு எல்லாவற்றுக்கும் இன்னொரு நடை வர வேண்டும். அதை நினைத்தாலே இடுப்பு வலித்தது. அத்தனையையும் ஜீப்பில் அடைத்துத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். கூடாரம் போட நானும் சமையல்காரரும் முன்கூட்டியே கிளம்பினோம். அவர் மன்னார்குடிக்காரர், மூன்று வருஷம் கழித்து அடுத்த வாரம் ஊருக்குப் போக இருந்தவர். ஏறியதுமே பின்னால் படுக்கையில் சாய்ந்து தூங்கிப்போனார்.

மஸாஃபி தாண்டி மலை இறக்கம். ஜீப் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தால் கால் தரை வரைக்கும் போகிறது. கருகல் வாடை. கியரைக் குறைத்தும் வேகம் அடங்கவில்லை. பின்னால் தூங்குகிறவரை நினைத்ததும் ஒதுங்க இடம் தேடினேன். நல்லவேளையாக ஓரத்தில் சாலை வேலைக்குக் கொட்டிய ஜல்லிக் குவியல் இருந்தது. அதில் சக்கரத்தை ஏற்றினேன். வண்டி உறுமி உறுமி நின்றது.

பின்னால் காலி டிப்பர் ஓட்டி வந்த ஒரு பாகிஸ்தான் பட்டாணியர் வண்டியை நிறுத்தினார். வயசானவர். நசுங்கிக் கிடந்த ஜீப் ஸ்பிரிங்கைக் குனிந்து பார்த்தார். "பாய், யே காடி ஹை யா குதாம்?" வண்டியா குடோனா என்று கேட்டாரே தவிர, வேறு ஒரு வார்த்தை திட்டவில்லை. பிரேக் ஆறும்வரை என்னோடு உட்கார்ந்திருந்தார். பிறகு சாமான்களை ஒவ்வொன்றாகத் தன் டிப்பருக்கு மாற்றினார். நானும் தூக்கினேன். கடற்கரை வரைக்கும் எனக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்து இறக்கிக் கொடுத்தார். டீ குடிக்கச் சொன்னேன். டூட்டி இருக்கிறது என்று போய்விட்டார்.

இத்தனை ஆட்டத்திலும் விழிக்காத சமையல்காரர் அதன் பிறகுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

"ரொம்ப நன்றிண்ணே. அலுங்காம ஓட்டிட்டு வந்தீங்க. இந்த மூணு வருஷத்துல இன்னைக்குத்தான் அசந்து தூங்கினேன்."

என்ன நடந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வாரம் அவரை ஏர்போர்ட்டில் விட்டபோதும் சொல்லவில்லை. எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், எல்லாம் மறந்துபோயிற்று. அன்றைக்கு வாங்கிய அந்த நன்றியை மட்டும் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.